பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணம்: ஆசிரியர் ஆராய்ச்சிக்கு உள்நிதி எங்கே, எவ்வளவு, யாருக்கு?

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் உதவிப் பேராசிரியராகச் சேர்பவருக்கு முதல் நாளே ஒரு மேசையும் வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பும் கிடைத்துவிடும். ஆய்வுக்கூடம் கிடைக்காது. டெல்லியில் உள்ள மத்திய நிதி அமைப்புகளுக்குப் புரபோசல் அனுப்பினால், முதற்கட்டத் தரவு எங்கே என்று மதிப்பீட்டாளர் கேட்பார். அந்தத் தரவை எடுக்கக் கொஞ்சம் ரசாயனம் வேண்டும், வேறொரு நிறுவனத்தின் கருவியில் சில மணி நேரம் வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். அந்தப் பணத்துக்காகத்தான் அவர் டெல்லிக்கே எழுதினார். இப்படி இரண்டு மூன்று வருடம் போனால் பெரும்பாலோர் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள். அதன்பிறகு அவர் பாடம் நடத்துவார், விடைத்தாள் திருத்துவார், ஓய்வு பெறுவார். திறமை இல்லாததால் இப்படி ஆனவர்கள் குறைவு. தொடக்கத்தில் சில பத்தாயிரங்கள் கைக்கு வராததால் ஆனவர்களே அதிகம்.

அந்தச் சில பத்தாயிரங்களை, சில லட்சங்களை, பல்கலைக்கழகம் தன் சொந்தக் கணக்கிலிருந்து தன் ஆசிரியருக்குக் கொடுப்பதுதான் உள்நிதி. சீட் மணி என்று வழங்குவது அதில் ஒரு வகை. புதிதாகச் சேர்பவருக்கு ஆய்வுக்கூடம் அமைக்கத் தரும் தொடக்க மானியம், ஒரு திட்டம் முடிந்து அடுத்தது வரும்வரை ஸ்காலரின் உதவித்தொகை நின்றுபோகாமல் காக்கும் இடைக்கால உதவி, மாநாட்டுப் பயணம், கருவி பழுதுபார்ப்பு, வெளியீட்டுக் கட்டணம், வகுப்பிலிருந்து ஒரு பருவம் விடுப்பு ஆகியவையும் இதில் அடங்கும். கடைசியாகச் சொன்னதை யாரும் பணமாகக் கணக்கிடுவதில்லை. ஆனால் நம் ஊர் ஆசிரியரைக் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்பார்.

வெளியிலிருந்து வரும் பெருந்திட்டங்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்தியா மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தைத்தான் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது என்ற கணக்கு எல்லா மேடையிலும் சொல்லப்படுகிறது. பல்கலைக்கழகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிய பேச்சு குறைவு. டெல்லியின் பணம் ஏற்கெனவே ஆராய்ச்சியாளராகிவிட்டவருக்குப் போகிறது. ஒருவரை ஆராய்ச்சியாளராக்குவது வீட்டுப் பணம்தான். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அது இன்று எந்த நிலையில் இருக்கிறது, வேறிடங்களில் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்னை ஒருகாலத்தில் செய்தது

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இது புதிய வேலை இல்லை. 1913இல் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனுக்கு, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது அந்தப் பல்கலைக்கழகம். அவரிடம் பட்டம் இல்லை. விதிப்படி அவருக்கு அது கிடைத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ராமானுஜன் ஆசிரியர் அல்லர் என்பதால் இன்றைய வகைப்பாட்டில் இதை உள்நிதி என்று சொல்ல முடியாது. ஆனாலும் உள்நிதிக்கு இருக்க வேண்டிய எல்லாக் குணங்களும் அதில் இருந்தன: தொகை சிறியது, முடிவு அருகில் இருந்தவர்கள் எடுத்தது, காகிதத் தகுதியைவிட வேலையைப் பார்த்து எடுத்தது.

அதைவிட முழுமையான உதாரணம் 1952இல். அன்றைய துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறையைத் தொடங்க சி.வி. ராமனை அழைத்தார். ராமன் தான் வராமல் தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைக் கைகாட்டினார். வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் ஒரு துறையையே ஒப்படைத்து, எக்ஸ்-கதிர் படிகவியல் ஆய்வுக்கூடம் அமைக்கவும் வழிசெய்தார் முதலியார். சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே.டி. பெர்னல், தோலிலும் நாணிலும் உள்ள புரதமான கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத கேள்வியாக இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது. கங்காரு வால் நாண் அங்கிருந்து கிடைத்தது. 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் மூன்றிழை அமைப்பை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். 1963இல் வந்த ராமச்சந்திரன் வரைபடம் இன்று உலகின் எந்த உயிர்வேதியியல் பாடநூலிலும் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது வேகம். பெர்னல் சொன்ன யோசனையின்மேல் வேலையைத் தொடங்க ராமச்சந்திரன் யாருக்கும் புரபோசல் எழுதிக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கூடம் இருந்தது, கருவி இருந்தது, தலைமையின் நம்பிக்கை இருந்தது. மூன்றும் இருந்த இடத்தில், சேர்ந்த இரண்டாவது வருடத்திலேயே உலகத்தரமான முடிவு வந்தது. முதலியார் 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்றாண்டு. பல பல்கலைக்கழகங்களில் நாற்காலியே காலியாகக் கிடக்கிறது. பத்து வருடம் கழித்துப் பலன் தரப்போகும் ஒரு நிதியில் யார் கையெழுத்துப் போடுவார்?

விஸ்கான்சினின் வழி

உள்நிதிக்கு நிலையான ஊற்றைக் கண்டுபிடித்த பல்கலைக்கழகங்களில் விஸ்கான்சினை முதலில் சொல்ல வேண்டும். 1920களில் அங்கே உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த ஹாரி ஸ்டீன்பாக், உணவுப்பொருளின்மேல் புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அதில் வைட்டமின் டி உருவாகும் என்று கண்டார். குழந்தைகளின் எலும்பை வளைத்துவிடும் ரிக்கெட்ஸ் நோய்க்கு அது விடை. பெருந்தொகை கொடுத்து உரிமையை வாங்க ஒரு உணவு நிறுவனம் முன்வந்தது. ஸ்டீன்பாக் அதை ஏற்கவில்லை. தன் கைக்காசில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, அதன் வருமானம் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்கே போகும்படி முன்னாள் மாணவர்களோடு சேர்ந்து 1925இல் ஒரு அறக்கட்டளையை நிறுவினார். விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளை என்பது அதன் பெயர், சுருக்கமாக வார்ஃப்.

1933இல் ஒரு விவசாயி, செத்துப்போன தன் மாட்டின் உறையாத ரத்தத்தை ஒரு பால்கேனில் எடுத்துக்கொண்டு பனிப்புயலில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கார்ல் பால் லிங்கின் ஆய்வுக்கூடம் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்தது. மாடு தின்ற கெட்டுப்போன தீவனத்தில் ரத்தத்தை உறையவிடாத பொருள் எது என்று கண்டுபிடிக்கவே ஆறேழு ஆண்டுகள் ஆயின. அதன் தொடர்ச்சியாக வந்த மருந்துக்கு, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த வார்ஃபின் பெயரையே முன்னொட்டாக வைத்து வார்ஃபரின் என்று பெயரிட்டார்கள். இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் நம் ஊர்களிலும் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார்கள். எந்த வெளி நிதிக்குழுவும் செத்த மாட்டின் ரத்தத்துக்காக அவ்வளவு காலம் பொறுத்திருக்குமா என்பது சந்தேகமே. இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு ஆண்டும் எல்லாத் துறை ஆசிரியர்களும் விண்ணப்பிக்கக்கூடிய உள்போட்டி நடக்கிறது. அதற்கு வரும் பணத்தில் பெரும்பகுதி வார்ஃபினுடையது. வரலாற்றுப் பேராசிரியரும் அதே போட்டியில் கேட்கலாம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மொத்த ஆராய்ச்சிச் செலவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அந்தந்த நிறுவனத்தின் சொந்தப் பணம். 1970களின் தொடக்கத்தில் அது எட்டில் ஒரு பங்கு அளவில்தான் இருந்தது. இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு வியக்கவும் கூடாது. நிர்வாக, பராமரிப்புச் செலவுக்காக வெளித்திட்டங்கள் தரும் ஓவர்ஹெட் முழுவதும் கிடைக்காமல் நிறுவனம் தாங்கும் செலவும் இதற்குள் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்கள் ஓவர்ஹெட்டை 15 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது பல்கலைக்கழகங்கள் நீதிமன்றத்துக்கு ஓடியதற்குக் காரணம் இதுவே. நீதிமன்றம் தடுத்தது. ஆனாலும் உள்நிதி எந்த நூலில் தொங்குகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

ஜப்பான் எதிர்த்திசையில் ஒரு பாடம் தருகிறது. 2004இல் அங்கே தேசியப் பல்கலைக்கழகங்கள் தனி நிறுவனங்களாக்கப்பட்டன. அதுமுதல் அரசு தரும் அடிப்படை மானியம் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் என்று பல வருடங்கள் குறைக்கப்பட்டது. பேராசிரியருக்குக் கேட்காமலே கிடைத்துவந்த ஆண்டுத்தொகை சுருங்கியது, போட்டி மானியங்கள் பெருகின. அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளின் எண்ணிக்கையில் இருபது ஆண்டுக்கு முன் உலகில் நான்காம் இடத்தில் இருந்த ஜப்பான், 2023இல் வெளியான அந்நாட்டு அரசுக் கணக்குப்படி 13ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தது. வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஜப்பானிய விஞ்ஞானிகள் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தச் சிறு ஆண்டுத்தொகையின் இழப்பைத்தான்.

2017க்குப் பிறகு நம் நாட்டில்

நம் கல்லூரி ஆசிரியர்களுக்கு உள்நிதியின் இடத்தை வெகுகாலம் நிரப்பியது யு.ஜி.சி.யின் சிறு ஆய்வுத் திட்டம். பணம் வெளியிலிருந்து வந்தாலும் அதன் குணம் உள்நிதியின் குணம். 12ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அறிவியல் பாடங்களுக்கு 5 லட்சம் வரை, கலைப் பாடங்களுக்கு 3 லட்சம் வரை கிடைத்தது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் விண்ணப்பங்கள் ஐதராபாத்தில் உள்ள தென்கிழக்கு மண்டல அலுவலகத்துக்குப் போகும். ஒரு கம்ப்யூட்டர், ஒரு நுண்ணோக்கி, சில புத்தகங்கள், களப்பணிப் பயணம் என்று எத்தனையோ மாவட்டக் கல்லூரிகளில் ஆராய்ச்சி என்று ஒன்று நடந்ததற்கே அந்தத் திட்டம்தான் காரணம். 2017 மார்ச்சில் ஐந்தாண்டுத் திட்டமுறை முடிந்தது. அதோடு சிறு ஆய்வுத் திட்டமும் பெரும் ஆய்வுத் திட்டமும் முடிந்தன. அந்த இடம் இன்றுவரை வெற்றிடமாகவே இருக்கிறது.

2022 ஆசிரியர் தினத்தன்று யு.ஜி.சி. புதிய மானியங்களை அறிவித்தது. பணியில் உள்ள ஆசிரியர்கள் 200 பேருக்கும், புதிதாகச் சேர்ந்தவர்கள் 132 பேருக்கு டி.எஸ். கோத்தாரி பெயரிலும், இரண்டாண்டுக்குத் தலா 10 லட்சம். மொத்தம் 332 பேர். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி நாட்டில் ஏறத்தாழ 16 லட்சம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இதற்குமேல் அந்த அறிவிப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. 2023இல் சட்டமாகிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஐந்தாண்டில் 50,000 கோடி என்ற இலக்கோடு வந்திருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களை முன்னேறிய நிறுவனங்களோடு இணைக்கும் திட்டமும் அதில் உண்டு. நல்லதுதான். ஆனால் அதன் கதவைத் தட்டவும் கையில் முதற்கட்டத் தரவு வேண்டும்.

ஐ.ஐ.டி.யில் சேரும் இளம் ஆசிரியருக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் புதிய ஆசிரியர்களுக்கென்றே தொடக்க மானியம் இருக்கிறது. அதைவிட எனக்குப் பொருத்தமாகப் படுவது, ஐ.ஐ.டி., என்.ஐ.டி. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் மூன்றாண்டுக்கு 3 லட்சம் என்று கிடைக்கும் தொழில்முறை மேம்பாட்டுப் படி. மாநாட்டுக்குப் போகலாம், சங்க உறுப்பினராகலாம், சிறு செலவுகளைப் பார்த்துக்கொள்ளலாம். போட்டி கிடையாது, கணக்குக் காட்டினால் போதும். கிண்டியில் ஒரே சாலையின் இரு பக்கம்போல இருக்கும் ஐ.ஐ.டி., மாநிலப் பல்கலைக்கழகம் ஆகிய இரண்டில் முன்னதில் இது உரிமை, பின்னதில் இப்படி ஒரு கணக்குத் தலைப்பே இல்லை. இரு இடத்து ஆசிரியரின் ஆய்வுக் கட்டுரைகளையும் ஒரே தரவரிசைப் பட்டியலில் வைத்து ஒப்பிடுகிறோம்.

நாக் கேட்ட கேள்வி

நம் பல்கலைக்கழகங்களில் சீட் மணி என்ற பேச்சு பரவியதற்கு முக்கியக் காரணம் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு, அதாவது நாக். பல்கலைக்கழகங்களுக்கான அதன் கையேட்டில், ஆராய்ச்சியைப் பற்றிய மூன்றாம் அளவுகோலில், 3.1.2 என்ற எண்ணில் ஒரு கேள்வி இருக்கிறது: ஆசிரியர்களுக்கு நிறுவனம் ஆண்டுதோறும் எத்தனை லட்சம் சீட் மணி கொடுத்தது? சான்றாகச் சிண்டிகேட் தீர்மானம், நிதி அலுவலர் கையெழுத்திட்ட செலவுக் கணக்கு, பெற்றவர் பட்டியல் ஆகியவற்றைத் தர வேண்டும்.

கேள்வி நல்ல கேள்வி. அது வந்ததால்தான் பல இடங்களில் சீட் மணி என்ற கணக்குத் தலைப்பே உருவாயிற்று. ஆனால் கேட்கப்பட்டது எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது மட்டும். எப்போது கொடுத்தீர்கள், எத்தனை நாளில் கைக்குப் போனது, வாங்கியவர் பிறகு வெளியிலிருந்து எவ்வளவு கொண்டுவந்தார், பணம் வாங்கியும் முடிவு வராமல் போன ஆய்விலிருந்து என்ன கற்றீர்கள் என்று எதுவும் கேட்கப்படவில்லை. ஆகவே நாக் குழு வருவதற்கு முந்தைய ஆண்டில் ஒரே நாளில் பலருக்குச் சாங்ஷன் ஆர்டர் போவதும், குழு போனபின் தலைப்பு காலியாகக் கிடப்பதும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை பெய்யும் மழையை நம்பி யாரும் நாற்று விட முடியாது.

தனியார் பல்கலைக்கழகங்கள் இதில் வேகமாக நகர்ந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வி.ஐ.டி.யின் சீட் கிராண்ட், எஸ்.ஆர்.எம்.மின் தேர்ந்தெடுத்த சிறப்பாய்வு முனைப்பு, சாஸ்த்ராவின் டி.ஆர். ராஜகோபாலன் ஆராய்ச்சி நிதி ஆகியவற்றின் பெயர்களை இன்று சர்வதேச இதழ்களின் நன்றிப் பகுதிகளில் அடிக்கடி பார்க்கலாம். மாணவர் கட்டணத்தில் ஒரு பங்கு ஆசிரியரின் ஆய்வுக்குத் திரும்புவது சரியான பாதை.

எனக்குள்ள தயக்கம் வேறொன்றைப் பற்றியது. தரவரிசைப் போட்டி சூடுபிடித்த பிறகு, ஆய்வு தொடங்கப் பணம் கொடுப்பதற்குப் பதிலாக, கட்டுரை வெளிவந்தபின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஊக்கத்தொகை கொடுக்கும் பழக்கம் நாடெங்கும் பரவியிருக்கிறது. இரண்டையும் ஒரே தலைப்பில் கணக்குக் காட்டுகிறார்கள். அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. முன்னால் கொடுக்கும் பணம், தெரியாத ஒன்றைத் தேடிப் போகத் துணிவு தருகிறது. பின்னால் கொடுக்கும் பணம், உறுதியாக அச்சாகும் சிறு விஷயத்தையே திரும்பச் செய்யச் சொல்கிறது. சீனா இதைப் பெரிய அளவில் செய்துபார்த்தது. ஒரு கட்டுரைக்குப் பல ஆயிரம் டாலர் கொடுத்த பல்கலைக்கழகங்கள் அங்கே இருந்தன. போலிக் கட்டுரைகளும் அதோடு பெருகின. 2020 பிப்ரவரியில் அந்நாட்டுக் கல்வி அமைச்சகமும் அறிவியல் அமைச்சகமும் அந்த வெகுமதிகளை நிறுத்தும்படி உத்தரவிட்டன. அவர்கள் கைவிட்டதை நாம் எடுத்துக்கொள்வது வேதனையாக இருக்கிறது.

பணம் வந்தபிறகு

இந்தப் பகுதியை ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆனால் உள்நிதி செத்துப்போவது இங்கேதான்.

இரண்டு லட்சம் சாங்ஷன் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் ஜூலையில் போனது. குழு கூடியது அக்டோபரில். சிண்டிகேட் ஒப்புதல் டிசம்பரில். ஆர்டர் ஜனவரிக் கடைசியில். மார்ச் 31க்குள் செலவழித்து யூட்டிலைசேஷன் சர்ட்டிபிகேட் தர வேண்டும், இல்லையேல் தொகை திரும்பிவிடும். மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டு அட்டவணை போட்டு, பர்ச்சேஸ் கமிட்டி கூடி, நிதிப் பிரிவில் ஒரு ஆட்சேபத்துக்குப் பதில் எழுதி முடிக்கும்போது மார்ச் இருபது. வேண்டிய வினைபொருள் மும்பையிலிருந்து வர ஆறு வாரம் ஆகும். ஆகவே ஆசிரியர் வேண்டியதை விட்டுவிட்டு, உடனே கிடைக்கும் பிரிண்டரை வாங்குகிறார். ஆடிட்டில் கணக்கு சரியாக இருக்கும். ஆய்வுக்குப் போய்ச்சேர்ந்தது ஒன்றுமில்லை.

கொள்முதல் விதிகள் ஊழலைத் தடுக்க வந்தவை. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் தேவையை யாரும் மறுக்க முடியாது. கட்டடத்துக்கும் நொதிக்கும் ஒரே நடைமுறை என்பதில்தான் கோளாறு. மத்திய அரசு இதை உணர்ந்து 2025 ஜூனில் தன் அறிவியல் நிறுவனங்களுக்கு விதியைத் தளர்த்தியது. கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்தியது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இப்படி ஒரு தளர்வு வந்தால், புதிதாக ஒரு ரூபாய் ஒதுக்காமலே இருக்கிற உள்நிதியின் பயன் பெருகும். 2022 ஜூலையில் ஆராய்ச்சிக் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகையும் போய்விட்டது. 18 சதவீதம் வரை வரி கட்ட வேண்டியிருப்பதால் இரண்டு லட்சத்தின் மதிப்பு இன்னும் சுருங்கியிருக்கிறது.

தமிழ், வரலாறு, சமூகவியல் துறைகளுக்கு வந்தால் நிலைமை வேறுவிதமாகக் கெட்டிருக்கிறது. விண்ணப்பப் படிவம் கருவி, வினைபொருள், கன்டிஞ்சென்சி என்று ஆய்வுக்கூடத்தை நினைத்துத் தயாரிக்கப்பட்டது. ஒரு தமிழ்ப் பேராசிரியருக்கு என்ன கருவி வேண்டும்? திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்து ஒரு மாதம் தங்க இடம் வேண்டும். காலையில் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், மறுவாரம் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இடையில் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையம். தஞ்சாவூர் சரசுவதி மகாலில் ஒரு சுவடியைப் பார்க்க வேண்டும், படம் எடுக்கக் கட்டணம் கட்ட வேண்டும். கணக்குப் போட்டால் ஐம்பதாயிரத்துக்குள் ஒரு நல்ல நூலின் அடிப்படை வேலை முடிந்துவிடும். அறிவியலில் அந்தத் தொகைக்கு ஒரு சிறு பம்பு வாங்கலாம்.

ஆனால் பயணத்துக்கும் தங்கலுக்கும் மொத்தத்தில் இவ்வளவு சதவீதத்துக்குமேல் கூடாது என்ற விதி பெரும்பாலான உள்நிதித் திட்டங்களில் இருக்கிறது. மிச்சத்தை எதில் செலவழிப்பது என்று தெரியாமல் அவர் லேப்டாப் வாங்குவார். காப்பகத்துக்குத் தன் சம்பளத்தில்தான் போவார். தமிழ்நாட்டின் நல்ல ஆய்வு நூல்கள் பலவும் இப்படிச் சொந்தச் சம்பளத்தில் எழுதப்பட்டவை. அந்த உழைப்பைப் பெருமையாகப் பேசுகிறோம். பேசுவதோடு நிறுத்திக்கொள்வது அநியாயம்.

இலங்கையில் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தின் ஒரு பங்கு ஆராய்ச்சிப் படியாகக் கிடைக்கிறது. ஆய்வு முன்மொழிவும் முன்னேற்ற அறிக்கையும் தந்து அதைப் பெறுகிறார்கள். யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களில் தனியாக உள்மானியங்களும் உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாயின் மதிப்பு சரிந்தபோது இறக்குமதி ரசாயனங்களுக்கு அந்த மானியம் எட்டாமல் போனது. ஆனாலும், ஆராய்ச்சி என்பது ஆசிரியர் வேலையின் ஒரு பகுதி, அதற்கு மாதாந்தரம் பணம் உண்டு என்ற ஏற்பாடு சம்பளப் பட்டியலிலேயே இருப்பது நாம் கவனிக்க வேண்டியது.

யாருக்குக் கொடுப்பது

அருகில் இருப்பவர் முடிவெடுப்பதுதான் உள்நிதியின் பலம் என்றேன். பலவீனமும் அதுவே. யார் துணைவேந்தரின் ஆள், யார் எந்தச் சங்கத்தில் இருக்கிறார், யார் எந்தச் சாதி என்று எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த இடத்தில் குழு அமைத்து மதிப்பெண் போட்டால், அந்த மதிப்பெண்ணை யாரும் நம்ப மாட்டார்கள். நேர்மையாகவே போட்டிருந்தாலும் நம்ப மாட்டார்கள்.

தேர்வு எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் நூலிழை வேறுபாடு வாழ்க்கையையே மாற்றிவிடுகிறது. 2018இல் தைஸ் போல் முதலானோர் வெளியிட்ட நெதர்லாந்து ஆய்வு இதைக் காட்டியது. இளம் ஆய்வாளர் மானியத்தில் தகுதிக்கோட்டுக்குச் சற்று மேலே வந்தவர்கள், சற்றுக் கீழே நின்றவர்களைவிட அடுத்த எட்டாண்டுகளில் இரு மடங்குக்கும் அதிகமான நிதியைப் பெற்றார்கள். தரத்தில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. கீழே நின்றவர்களில் பலர் மறுபடி விண்ணப்பிக்கவே இல்லை என்பது ஒரு காரணம். ஒரு முறை மறுக்கப்பட்டவர் தன்னைத் தானே விலக்கிக்கொள்கிறார். நம் பல்கலைக்கழகத் துறைகளில் இப்படி விலகிப்போனவர்கள் எத்தனை பேர் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்.

பெரிய தொகையைச் சிலருக்குக் குவிப்பதா, சிறு தொகையைப் பலருக்குப் பிரிப்பதா என்ற கேள்விக்கும் ஆய்வுகள் உண்டு. கனடாவின் அறிவியல் மானியங்களை ஆராய்ந்த ஃபோர்ட்டினும் கரியும் 2013இல் வெளியிட்ட முடிவு: பணம் கூடக் கூட விளைவு அதே விகிதத்தில் கூடுவதில்லை. பலருக்குப் பகிர்வதே பலன் தரும் என்பது அவர்கள் கருத்து. போட்டி நடத்துவதற்கே ஆகும் செலவும் உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்கு 2012இல் வந்த 3,727 விண்ணப்பங்களை எழுத ஆய்வாளர்கள் செலவிட்ட நேரம் மொத்தம் 550 மனித ஆண்டுகள் என்று ஒரு மதிப்பீடு வந்தது. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013 முதல் ஒரு வகை மானியத்தில் தகுதியுள்ளவர்களுக்குள் குலுக்கல் போட்டுக் கொடுத்தது. பிரிட்டிஷ் அகாதெமி 10,000 பவுண்டு வரையிலான சிறு மானியங்களுக்கு 2022இல் இதே வழியில் இறங்கியது. அதன்பின் அதுவரை கேட்காத பின்னணிகளிலிருந்தும் விண்ணப்பங்கள் வந்தன. உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறையைப் படித்து வளர்ந்த நமக்குக் குலுக்கலைக் கண்டு கூச்சம் தேவையில்லை. அங்கேயும் முதலில் தகுதி பார்த்தார்கள், பிறகுதான் ஓலை எடுத்தார்கள்.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும் ஏற்பாடு இதுதான். ஆசிரியர் எல்லோருக்கும் போட்டியின்றி ஆண்டுக்கு ஐம்பதாயிரம். செலவழியாத தொகை அடுத்த ஆண்டுக்குத் தொடரும். பயணத்துக்கும் தங்கலுக்கும் தடை இல்லை. அதற்குமேல் வேண்டுபவர்களுக்கு ஐந்து லட்சம்வரை ஒரு சிறு மானியச் சுற்று. வெளியிலிருந்து இருவர் தகுதி பார்ப்பார்கள், தேறியவர்களுக்குள் குலுக்கல். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் இரண்டாண்டில் வகுப்பு நேரம் பாதி. 200 ஆசிரியர்கள் உள்ள பல்கலைக்கழகத்துக்கு முதல் பகுதியின் செலவு ஆண்டுக்கு 1 கோடி.

அந்த 1 கோடி எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள், கேட்பது நியாயம். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே வருமான வரித்துறை முடக்கும் நிலை வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளத்துக்கே திண்டாட்டம். ஓய்வூதியச் சுமை, தொலைநிலைக் கல்வி வருமானத்தின் சரிவு, முழுதாக வராத அரசு மானியம் என்று காரணங்கள் அடுக்காக இருக்கின்றன. இந்த நிலையில் தேர்வுக் கட்டணத்திலிருந்து எடுத்துக்கொடு என்று எழுதுவது சுலபம், நடக்காது. வெளித்திட்டங்களில் வரும் ஓவர்ஹெட் இப்போது பொதுக்கணக்கில் கரைந்துவிடுகிறது. அதில் பாதியை ஆராய்ச்சிக் கணக்காகத் தனியே வைப்பது முதல் படி. மீதியை மாநில அரசுதான் தர வேண்டும், பல்கலைக்கழகத்துக்குத் தொகுப்பு மானியமாக. 1992இல் சட்டம் இயற்றி அமைத்த உயர்கல்வி மன்றம் இருக்கிறது. பணத்தை அது பிரித்துக்கொடுக்கலாம். திட்டத்துக்குத் திட்டம் சென்னையில் விண்ணப்பம் வாங்கித் தேர்ந்தெடுப்பது மட்டும் வேண்டாம். அப்படிச் செய்தால் டெல்லிக்குப் பதில் சென்னை என்று ஆகுமே தவிர, பணம் துறைக்கு அருகில் வராது.

இன்னொன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. தமிழ்நாட்டு அரசுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பாடம் நடத்துபவர்களில் பெரும்பகுதியினர் கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டம் உண்டு, நெட் அல்லது செட் தேர்ச்சி உண்டு; மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டில் பதினோரு மாதம். ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்ற வயதில் இருப்பவர்கள் இவர்கள். எந்த உள்நிதித் திட்டத்தின் விண்ணப்பத்தை எடுத்தாலும், நிரந்தரப் பணியிடத்தில் இருப்பவர் என்ற தகுதி முதல் பத்தியிலேயே இவர்களைத் தள்ளிவிடுகிறது. பணிநிரந்தரம் நீண்ட வழக்கு, அது தனியே நடக்கட்டும். இதற்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தொகையைத் துறைத்தலைவர் கணக்கில் வைத்து, செலவை முடிவு செய்பவராகவும் முதன்மை ஆய்வாளராகவும் கௌரவ விரிவுரையாளரின் பெயரையே போடலாம் என்று கல்லூரிக் கல்வி இயக்ககம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அடுத்த கல்வியாண்டின் விண்ணப்பத்திலேயே அந்தத் தகுதி வரியை எடுத்துவிடலாம்.